கள்ளிக்கொம்பு முதல் இரும்புக்கை வரை: துப்பறியும் கதைமரபில் அமானுட ஆற்றல் கைமாறிய வரலாறு

1. முன்னுரை

முட்டம் என்றதும் பலருக்கும் நினைவு வருவது ‘அலைகள் ஓய்வதில்லை’ (1981) படத்தில் பாரதிராஜா காட்டிய பாறைக் கடற்கரைதான். இக்கட்டுரை அந்தக் கரையிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் வேறு. முட்டம் உள்ளிட்ட திருவிதாங்கூர்க் கடலோரத்து முக்குவர்களுக்குப் புனித சவேரியார் 1544-இல் திருமுழுக்கு அளித்தார். கரையோரம் கத்தோலிக்கமாயிற்று. சில கல் தொலைவிலுள்ள உள்நாட்டிலோ இசக்கியும் நீலியும் வாதைகளும் அப்படியே இருந்தார்கள். இந்த இரண்டு உலகங்களுக்கும் நடுவே வேலி ஏதும் எழவில்லை. குமரிக் கடற்கரையின் முக்குவப் பெண்களைப் பற்றி 1991-இல் நூல் எழுதிய மானிடவியலாளர் கல்பனா ராம், உள்நாட்டு இசக்கி கத்தோலிக்க மீனவப் பெண்களின் வாழ்விலும் பிடிக்கும் சக்தியாக வந்து நிற்பதை விரிவாகப் பேசியிருக்கிறார்.

பேய் பிடித்தவர் முன் கேட்கப்படும் கேள்விகளைக் கவனித்தால் ஒன்று தெரியும். நீ யார்? எங்கிருந்து வந்தாய்? எதற்காக இவளைப் பிடித்தாய்? ஆள், இடம், நோக்கம் என்று காவல் நிலையத்தில் குறித்துக்கொள்ளும் மூன்றும் அதே வரிசையில் வந்துவிடுகின்றன. பேயோட்டுதல் ஒரு விசாரணை. அதில் வாக்குமூலம் கொடுப்பது செத்துப்போன ஒருத்தி.

இன்று இதே கரையோரத்து இளைஞர்களின் கைப்பேசித் திரையில் ஜப்பானிய மாங்காவும் அனிமேயும் ஓடுகின்றன. அவற்றுள் ஒன்று ‘பங்கோ ஸ்ட்ரே டாக்ஸ்’. காஃப்கா அசாகிரி எழுத, சாங்கோ ஹாருகாவா வரைய, 2012-இன் இறுதியில் ‘யங் ஏஸ்’ இதழில் தொடங்கிய தொடர் இது. 2016 முதல் அனிமேயாகவும் வருகிறது. யோகோஹாமா துறைமுக நகரில் ஒரு துப்பறியும் நிறுவனம். அதன் துப்பறிவாளர்களுக்கு ஆளுக்கொரு அமானுட ஆற்றல். அவர்களின் பெயர்கள் ஜப்பானிய எழுத்தாளர்களின் பெயர்கள். ஆற்றல்கள் அந்தந்த எழுத்தாளரின் படைப்புகளிலிருந்து பிறந்தவை.

துப்பறிவாளருக்கு மந்திர ஆற்றல் என்பது ஜப்பானிலிருந்து வந்த புதுச்சரக்கு என்று எண்ணத் தோன்றலாம். அப்படி இல்லை என்பது இக்கட்டுரையின் வாதம். குற்றத்தைக் கண்டுபிடிக்கும் அமானுட ஆற்றல் தமிழ்க் கதைமரபில் தொடக்கம் முதலே இருக்கிறது. காலந்தோறும் மாறியது அந்த ஆற்றல் யார் கையில் இருந்தது என்பதே. ஊரின் கையிலிருந்து கொலையுண்டவளின் கைக்கும், அங்கிருந்து ஏமாற்றுக்காரனின் கைக்கும், அவனிடமிருந்து துப்பறிவாளரின் கைக்கும் அது மாறிய பாதையை இங்கே தொடரலாம். ஒவ்வொரு கட்டத்திலும் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்கிறோம்: ஆற்றல் யாருடையது? சாட்சி எது? தவறான தீர்ப்புக்கு யார் விலை கொடுக்கிறார்?

2. ஊர் காத்த பூதம்

சிலப்பதிகாரத்தின் புகார் நகரத்தில் ஐந்து மன்றங்கள் வருகின்றன. வெள்ளிடை மன்றத்தில் வணிகரின் பொதிகள் பெயர் பொறித்துக் காவலின்றிக் கிடக்கும். திருட வந்தவன் அந்தப் பொதியைத் தலையில் சுமந்தபடி கழுத்து நோகச் சுற்றிச் சுற்றி வருவானேயன்றி வெளியேற மாட்டான். பூத சதுக்கத்திலுள்ள பூதம் போலித் துறவியரையும் பொய்ச்சாட்சி சொல்வோரையும் பிறன்மனை நயப்போரையும் பாசத்தால் கட்டிப் புடைக்கும். அரசனின் நீதி கோணினால் பாவை மன்றத்துப் பாவை வாய் பேசாமல் கண்ணீர் மட்டும் விடும்.

இங்கே ஆற்றல் தனியொருவருடையது அல்ல, இடத்துக்கு உரியது. விசாரணையும் கிடையாது. குற்றம் நடந்த கணத்திலேயே குற்றவாளி அடையாளமாகிவிடுகிறான். துப்பறிவாளர் என்ற மனிதருக்கு இந்த நகரத்தில் வேலையே இல்லை.

அதே காப்பியம் மதுரைக்குப் போனதும் எல்லாம் தலைகீழாகிறது. அங்கே பூதமும் இல்லை, பாவையும் இல்லை. பொற்கொல்லனின் சொல்லை மன்னன் ஆராயாமல் ஏற்கிறான். கோவலன் வெட்டுப்படுகிறான். பிறகு கண்ணகி அரசவையில் செய்வது துப்புத் துலக்கும் வேலை. அரசியின் சிலம்பில் இருப்பது முத்து, தன் சிலம்பில் இருப்பது மாணிக்கம் என்று நிறுத்தி, பொருளை உடைத்துக் காட்டி வழக்கை முடிக்கிறாள். அமானுட ஆற்றல் அதன் பிறகுதான் வருகிறது, மதுரை எரிகிறது. தடயத்தால் உண்மையை நிறுவுவதும் ஆற்றலால் தண்டிப்பதும் ஒரே பெண்ணிடம் வரிசையாக அமைந்திருப்பது பின்வந்த கதைகளைப் புரிந்துகொள்ள முக்கியமான இடம். ஆற்றல் ஊரிடமிருந்து பாதிக்கப்பட்டவளிடம் கைமாறுவதும் இங்கேதான்.

3. கள்ளியே சாட்சி

நாஞ்சில் நாட்டில் இந்த மரபை ஏந்தியவள் கள்ளியங்காட்டு நீலி. தொண்டை நாட்டுப் பழையனூர் நீலி கதைக்கு உறவான இக்கதை, தெற்கே வில்லுப்பாட்டில் இசக்கியம்மன் கதையாகக் கொடைவிழாக்களில் பாடப்பட்டு வருகிறது. நகைக்காக ஒருத்தி கள்ளிச்செடியின் அருகே கொல்லப்படுகிறாள். பார்த்தவர் யாருமில்லை. கள்ளிதான் சாட்சி. மறுபிறவியில் கொன்றவன் செட்டியாகவும் கொலையுண்டவள் நீலியாகவும் வருகிறார்கள். நீலி ஒரு கள்ளிக்கொம்பை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அந்தச் செட்டியைத் தன் கணவன் என்று ஊர்ப் பெரியவர்கள் முன் வழக்குரைக்கிறாள். குழந்தை செட்டியிடம் தாவுகிறது. ஊர் அதை ஆதாரமாக எடுத்துக்கொள்கிறது. ஏதேனும் நேர்ந்தால் தாங்களும் உயிர் விடுவதாக வாக்களித்து இருவரையும் ஓரிடத்தில் தங்கவைக்கிறார்கள். விடியும்போது செட்டி பிணமாகக் கிடக்கிறான். வாக்குக் கொடுத்த வேளாளர் எழுபது பேரும் தீப்புகுகிறார்கள்.

இந்தக் கதையின் சட்டச் சிக்கல் வியப்புக்குரியது. நீலி காட்டிய சாட்சி பொய்; அவள் சொன்ன உறவும் பொய். ஆனால் அவன் குற்றவாளி என்பது உண்மை. முன்பிறவிக் கொலையை எந்த ஊர்ச்சபையும் விசாரிக்க முடியாதபோது, விசாரிக்கக்கூடிய வேறொரு வழக்கைப் புனைந்து அவனைச் சிக்கவைக்கிறாள். கொலைக்குச் சாட்சியாக நின்ற கள்ளியே வழக்கிலும் குழந்தையாகச் சாட்சி சொல்கிறது. பொருளைச் சாட்சியாக்கிய கண்ணகியின் வழியிலிருந்து நீலி விலகும் இடம் இது. தவறான தீர்ப்புக்கு மதுரையில் மன்னன் உயிர் கொடுத்தான். இங்கே ஊர் கொடுக்கிறது.

நீலி மட்டுமல்ல, குமரி மாவட்டத்தின் வாதைகள் பலவும் அநியாயமாகக் கொல்லப்பட்டவர்களே. ஆண்டுக்கொரு முறை சாமியாடும் கோமரத்தாடியின் உடலில் இறங்கித் தங்கள் கொலையைத் தாங்களே சொல்கிறார்கள். வில்லுப்பாட்டுக்காரர் அந்தக் கொலையின் இடம், காரணம், ஆயுதம் எல்லாவற்றையும் இரவு முழுக்கப் பாடுகிறார். அதைக் கேட்கும் கூட்டத்தில் கொன்றவர்களின் கால்வழியினரும் இருக்கக்கூடும். கொலையுண்டவரே வழக்கைத் தொடுத்து, சாட்சியும் சொல்லி, தண்டனையும் தரும் இந்த முறையில் துப்பறிவாளருக்கு இன்னும் இடம் உருவாகவில்லை.

4. நெய்யில் விட்ட கை

கதைக்கு வெளியே, நடைமுறை வாழ்வில், ஆற்றலைச் சோதனையாக மாற்றியவர்களும் இருந்தார்கள். களவு போனால் வெற்றிலையில் மை தடவிப் பார்ப்பது, சோழி உருட்டிப் பிரசன்னம் வைப்பது, கோயில் நடையில் சத்தியம் செய்யச் சொல்வது போன்றவை நாஞ்சில் நாட்டில் அறிந்த வழக்கங்கள். கரையோரத்திலோ காணாமற்போன பொருளுக்குப் புனித அந்தோனியாரிடம் நேர்ந்துகொள்வார்கள்.

இவற்றுள் அரசின் முத்திரை பெற்ற சோதனை சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலில் நடந்தது. அதன் பெயர் கைமுக்கு. ஒழுக்கக்கேட்டுக் குற்றம் சாட்டப்பட்ட நம்பூதிரி, கொதிக்கும் நெய்யில் கைவிட்டு உள்ளே கிடக்கும் சிறு உருவத்தை எடுக்க வேண்டும். கையைத் துணியால் கட்டி, மூன்று நாள் கழித்து அவிழ்த்துப் பார்ப்பார்கள். புண் இல்லையென்றால் குற்றமில்லை. அகலிகையால் வந்த பாவம் நீங்க இந்திரன் கொதிக்கும் நெய்யில் மூழ்கித் தூய்மை பெற்றதால்தான் சுசீந்திரம் என்று பெயர் வந்தது எனத் தலபுராணம் சொல்கிறது. ஊரின் பெயர்க்கதையே சோதனைக்கு முன்மாதிரியாக இருந்தது. 1829 முதல் 1846 வரை ஆண்ட சுவாதித் திருநாள் மன்னர் காலத்தில் இம்முறை ஒழிக்கப்பட்டது. இக்கோயிலைப் பற்றி 1953-இல் வெளியான கே. கே. பிள்ளையின் ஆய்வுநூல் இவ்வழக்கத்தை அறிய இன்றும் அடிப்படையானது.

கைமுக்கில் ஆற்றல் பாதிக்கப்பட்டவரிடம் இல்லை, குற்றம் சாட்டப்பட்டவரிடமும் இல்லை, சோதனையிடமே இருக்கிறது. ஆனால் கட்டவிழ்த்துக் கையைப் பார்த்து, புண் உண்டா இல்லையா என்று சொல்ல ஒரு மனிதக் கண் தேவைப்பட்டது. அந்தக் கண்தான் பின்னால் துப்பறிவாளராக வளர்ந்தது என்று கொள்ளலாம்.

5. ஆற்றல் ஏமாற்றாகிறது

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் நிலைமை மாறியது. 1859-இல் சென்னை மாகாணக் காவல் சட்டமும், 1872-இல் இந்தியச் சாட்சியச் சட்டமும் வந்தன. நீதிமன்றத்தில் பேய்க்குக் கூண்டு இல்லை. குற்றத்தைக் கண்டுபிடிப்பதையே தொழிலாகக் கொண்ட சம்பளக்காரர் ஒருவர் சமூகத்தில் தோன்றிவிட்டார்.

ச. மு. நடேச சாஸ்திரி 1894-இல் ‘தானவன்’ என்ற போலீஸ் நிபுணனின் கதைகளை வெளியிட்டார். தமிழில் துப்பறியும் கதைக்கு இதையே தொடக்கமாகச் சொல்வது வழக்கம். இங்கே இரண்டு செய்திகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். முதலாவது, நடேச சாஸ்திரி தென்னிந்திய நாட்டார் கதைகளைத் திரட்டி ஆங்கிலத்தில் அளித்தவர். பேயும் பூதமும் பேசும் கதைகளைத் தொகுத்த அதே கை, தடயம் தேடும் போலீஸ்காரனையும் படைத்தது. இரண்டாவது, தானவன் என்றால் அசுரன். அமானுடம் கதையிலிருந்து வெளியேறியபோது அதன் பெயரை மட்டும் துப்பறிவாளனிடம் விட்டுச் சென்றதுபோல் இருக்கிறது.

ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் இவ்வகையை மக்கள் வாசிப்பாக மாற்றினார்கள். வடுவூராரின் துப்பறிவாளர் திகம்பர சாமியார். பெயரிலும் தோற்றத்திலும் சாமியார். வேலை செய்வதோ மூளையும் மாறுவேடமும். 1950-இல் மாடர்ன் தியேட்டர்ஸ் இக்கதையைப் படமாக்கியபோது எம். என். நம்பியார் வேடம் மாற்றி மாற்றி வந்தார். முன்பு சாமியாடியிடம் குறி கேட்டவர்கள், இப்போது சாமியார் வேடத்திலுள்ள அறிவாளியிடம் வழக்கைக் கொண்டுவந்தார்கள். பழைய மரியாதை தொடர்ந்தது. அதன் உள்ளடக்கம் மாறிவிட்டது.

1948-இல் தொடங்கிய ‘கல்கண்டு’ இதழின் தமிழ்வாணன் படைத்த சங்கர்லாலுக்கு அந்த வேடமும் வேண்டியிருக்கவில்லை. தேநீர் போதும். இக்காலத்துத் துப்பறியும் கதையில் பேய் வந்தால் வாசகருக்கு உடனே தெரிந்துவிடும்: யாரோ வெள்ளைத் துணி போர்த்தியிருக்கிறார்கள். அமானுட ஆற்றல் குற்றவாளியின் கையில் ஒரு கருவியாகிவிட்டது. உலகெங்கும் இதே போக்குதான். 1929-இல் ரொனால்ட் நாக்ஸ் துப்பறியும் கதைக்கு வகுத்த பத்து விதிகளில் ஒன்று, அமானுடக் காரணங்களுக்கு இடமில்லை என்பது.

இந்த வெளியேற்றத்தில் இழப்பும் உண்டு. கொலையுண்டவள் பேசாமலானாள். நீலிக்கு இருந்த குரல் துப்பறியும் நாவலின் பிணத்துக்கு இல்லை. முதல் அத்தியாயத்தில் தரையில் கிடப்பதோடு அதன் பங்கு முடிந்துவிடுகிறது.

6. இரும்புக்கை

1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வெளிவந்தது. பதிப்பாளர் சௌந்திரபாண்டியன். முதல் இதழ் ‘இரும்புக்கை மாயாவி’. 1962 முதல் ‘வேலியண்ட்’ என்ற பிரிட்டிஷ் வார இதழில் வந்த தொடரின் தமிழாக்கம் அது. கென் பல்மரும் பின்னர் டாம் டல்லியும் எழுத, ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஜீசஸ் பிளாஸ்கோ வரைந்தார். ஆய்வுக்கூட விபத்தில் வலக்கையை இழந்த லூயிஸ் கிராண்டேலுக்கு இரும்பில் கை பொருத்தப்படுகிறது. உடலில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவான். இரும்புக்கை மட்டும் காற்றில் மிதக்கும்.

கவனிக்க வேண்டியது மாயாவியின் வாழ்க்கை வரிசை. மூலத்தொடரின் தொடக்கத்தில் அவன் வெறிபிடித்த குற்றவாளி. பிறகு திருந்தி, குற்றத்துக்கு எதிராகப் போரிட்டு, இறுதியில் நிழற்படை என்ற இரகசிய அமைப்பின் உளவாளியாகிறான். பின்னர் லயன் காமிக்ஸால் புகழ்பெற்ற ஸ்பைடர் என்ற நாயகனும் அப்படியே: குற்றச் சக்கரவர்த்தியாகத் தொடங்கிக் குற்றவாளிகளை வேட்டையாடுபவனாக மாறினான். ஏமாற்றுக்காரனின் கையிலிருந்த ஆற்றல் துப்பறிவாளரின் கைக்கு வந்த பாதை, ஒரே பாத்திரத்தின் வாழ்க்கைக்குள்ளேயே நிகழ்ந்துவிட்டது. நாம் தேடும் திருப்புமுனைக்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

இந்த மாற்றம் ஏன் இயன்றது? ஆற்றலின் ஊற்று மாறியதுதான் காரணம். மாயாவிக்கு வரம் தந்தது தெய்வமல்ல, மின்சாரம். மந்திரத்தை மூடநம்பிக்கை என்று ஒதுக்கக் கற்றிருந்த பள்ளிக்கூடத் தலைமுறை, ஆய்வுக்கூடத்தில் பிறந்த மந்திரத்தைத் தயக்கமின்றி ஏற்றுக்கொண்டது. அதே வேளையில் ‘மாயாவி’ என்ற பெயர், அம்புலிமாமாவும் பாட்டி கதையும் கேட்டு வளர்ந்த காதுகளுக்கு அன்னியமாக ஒலிக்கவில்லை. மூலத்தில் இரும்பு நகத்தைக் குறித்த தலைப்பு, தமிழில் மந்திரக் கதைமரபுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. 1984-இல் எஸ். விஜயன் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். அதே ஆண்டில் ராணி காமிக்ஸும் வந்தது. மாயாவிகளின் கூட்டம் பெருகியது.

சுசீந்திரத்தில் குற்றம் செய்தவனைக் காட்டிக்கொடுத்தது கை. மாயாவியிலும் மறையாமல் கண்ணுக்குத் தெரிவது கைதான். முழுமையாக மறைந்துவிட முடியாதவன்தான் மாயாவி. அவனுடைய ஆற்றலுக்கு ஒரு தடயம் ஒட்டிக்கொண்டே இருக்கிறது.

7. இரண்டுக்கும் நடுவே

அறிவு ஒருபுறமும் ஆற்றல் மறுபுறமுமாக நின்றபோது, இரண்டையும் மோதவிட்டவர்கள் உண்டு. 1968-இல் ‘நைலான் கயிறு’ மூலம் கணேஷை அறிமுகப்படுத்திய சுஜாதா, ‘கொலையுதிர் காலம்’ தொடரில் கணேஷையும் வசந்தையும் பேய்த்தோற்றங்கள் நடமாடும் வீட்டுக்கு அனுப்பினார். ஹோலோகிராம் என்ற அறிவியல் விளக்கம் வருகிறது. ஆனால் கதவை முழுக்கச் சாத்தாமல் ஒரு விரிசலை அவர் விட்டுவைத்தார்.

தொண்ணூறுகளின் பிற்பாதியில் இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி நாகா இயக்கிய ‘மர்மதேசம்’ தொடரின் ‘விடாது கருப்பு’, காவல்தெய்வமே கொலையாளியோ என்ற ஐயத்தை வாரந்தோறும் வீட்டுக்கூடத்தில் வைத்தது. விடை உளவியலில் தேடப்பட்டாலும், குதிரையேறி வரும் கருப்பசாமியின் மீதான அச்சத்தைத் தொடர் கலைத்துவிடவில்லை. பூத சதுக்கத்துப் பூதம் ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுக் கதைப்பயணத்துக்குப் பின் தொலைக்காட்சிக்கு வந்து சேர்ந்தது என்றே சொல்லலாம்.

8. யோகோஹாமாவிலிருந்து பார்த்தால்

ஜப்பானிய வரலாறும் இதே வளைவில்தான் போகிறது. எடோகாவா ரம்போ 1923-இல் எழுதத் தொடங்கி, ஜப்பானியத் துப்பறியும் கதைக்குத் தந்தையானார். எட்கர் ஆலன் போவின் பெயரை ஜப்பானிய நாவில் உருட்டி அவர் சூட்டிக்கொண்ட புனைபெயர் அது. அவர் பிறந்த ஆண்டு 1894. தமிழில் தானவன் பிறந்த ஆண்டும் அதுவே.

‘பங்கோ ஸ்ட்ரே டாக்ஸ்’ மாங்காவில் வரும் அட்சுஷிக்குப் புலியாக மாறும் ஆற்றல். 1942-இல் இறந்த எழுத்தாளர் நகாஜிமா அட்சுஷியின் கதையொன்றில் கவிஞனொருவன் புலியாகிறான். ஆற்றலின் வேர் அங்கே. தசாய் என்ற துப்பறிவாளன் தொட்டால் எதிரியின் ஆற்றல் செயலிழக்கும். எடோகாவா ரம்போவின் பெயரைத் தாங்கிய பாத்திரமான ரம்போவோ மேதை, பார்த்த உடனே கொலையாளியைச் சொல்லிவிடுவான். அது தன் அமானுட ஆற்றல் என்று நம்புகிறான். உண்மையில் ஆற்றலாளர் நிறைந்த அந்நிறுவனத்தில் எந்த ஆற்றலும் இல்லாத துப்பறிவாளன் அவன். அவனிடம் இருப்பது கூர்மையான அறிவு மட்டுமே.

துப்பறிவாளரின் அறிவே மற்றவர் கண்ணுக்கு மந்திரம்போல் தெரிகிறது என்ற பழைய உண்மையை இந்த மாங்கா நகைச்சுவையாகச் சொல்லிவிடுகிறது. அந்த வகையில் ரம்போ சங்கர்லாலுக்கும் திகம்பர சாமியாருக்கும் பங்காளி. ஆற்றலின் ஊற்று இங்கே தெய்வமோ மின்சாரமோ அல்ல, இலக்கியம் என்பது மட்டும் புதிது.

9. முடிவுரை

குமரி மாவட்டத்தைச் சேர்ந்த ஜெயமோகன் 2020-இல் தொடர்ச்சியாக எழுதிய சிறுகதைகளில் ஒன்றின் தலைப்பு ‘கைமுக்கு’. ஔசேப்பச்சன் என்ற துப்பறிவாளர் நண்பர்களிடம் விவரிக்கும் குற்றக்கதைகளும் அதே காலத்தில் வந்தவை. ஒழிக்கப்பட்ட ஒரு சோதனையின் பெயர் நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக இம்மண்ணின் சொல்வழக்கில் உயிரோடிருந்து, நவீனச் சிறுகதைக்குத் தலைப்பாகத் திரும்பியிருக்கிறது.

இன்னொரு திரும்பலும் நிகழ்ந்தது. 2025-இல் வெளியான மலையாளப் படம் ‘லோகா அத்தியாயம் 1: சந்திரா’. டொமினிக் அருண் இயக்கத்தில் கல்யாணி பிரியதர்ஷன் நடித்த அதன் நாயகி வேறு யாருமல்ல, கள்ளியங்காட்டு நீலிதான். கத்தனார் எனப்படும் கிறித்தவப் பாதிரியாரால் அடக்கப்பட்ட யட்சியாகக் கேரளத் தொன்மத்தில் நின்றுவிட்டவள், இன்றைய பெங்களூரில் உடலுறுப்புக் கடத்தும் கும்பலை எதிர்கொள்ளும் ஆற்றலாளியாக எழுந்தாள்.

இந்த வரலாற்றை ஏணிபோலக் கீழிருந்து மேலே ஏறியதாகப் படிக்க முடியாது. நம்பிக்கையிலிருந்து அறிவுக்கு என்று ஒரு நேர்க்கோடு போட்டால் மாயாவியும் மாங்காவும் சந்திராவும் பின்னடைவாகவே தெரிவார்கள். ஆற்றல் யார் கையில் என்று கேட்டால்தான் ஒழுங்கு புலப்படுகிறது. கொலையுண்டவளிடமிருந்து பறிக்கப்பட்டு, ஏமாற்றுக்காரன் வழியாகத் துப்பறிவாளரை அடைந்த ஆற்றல், இப்போது மீண்டும் அவளிடமே வந்திருக்கிறது. ஆனால் வேறுபாடு ஒன்று உண்டு. வில்லுப்பாட்டு நீலி தனக்கு நேர்ந்த கொலைக்குத்தான் பழி வாங்கினாள். திரைப்பட நீலி பிறருக்கு நேரும் கொடுமைக்காகப் போரிடுகிறாள். பாதிக்கப்பட்டவளும் காப்பவளும் முதன்முறையாக ஒரே ஆளாகியிருக்கிறார்கள்.

முட்டத்துக் கரையில் பேய் பிடித்தவளிடம் கேட்கப்படும் ‘நீ யார்’ என்ற கேள்விக்கு இனி வரும் கதைகள் என்ன விடை சொல்லும் என்பதை அங்குள்ள இளைஞர்கள்தான் எழுத வேண்டும். இசக்கியும் அந்தோனியாரும் மாங்காவும் ஒரே வீட்டுக்குள் கிடைக்கும் ஊர் அது. பங்கோ ஸ்ட்ரே டாக்ஸ் தன் நாட்டின் எழுத்தாளர்களைக் கொண்டு செய்ததை, கள்ளிக்கொம்பு முதல் இரும்புக்கை வரை சேர்த்து வைத்திருக்கும் இந்தக் கரை தன் தெய்வங்களைக் கொண்டு செய்யலாம். அதற்கு வேண்டிய சரக்கை வெளியிலிருந்து இறக்க வேண்டியதில்லை.